வீடு என்று சொல்லிப் பழகிய மழைக்காலம்

சுடுதண்ணீருக்கு வாசனை கிடையாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தைலமர விறகு மூட்டிக் காய்ச்சிய வெந்நீர் தொண்டையில் இறங்கும்போதே கண்ணைக் கரிக்கும் ஒரு புகைவாசத்தோடு இறங்கும். நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷத்து மழைக்காலம் முழுக்க எங்கள் அம்மா தேயிலை போடாத அந்தத் தண்ணீரைத்தான் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். தேயிலைக்குப் பஞ்சமில்லை, டப்பா நிறைய இருந்தது. அவளுக்கு அவளே போட்டுக்கொண்ட தண்டனை அது.

நாங்கள் இருந்தது கொடைக்கானலிலிருந்து கவுஞ்சிக்குப் போகிற பாதையில், ஒரு பேரிக்காய்த் தோட்டத்தின் ஓரத்துச் சரிவில். அம்மாவும் அப்பாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். தோட்டத்தின் பழைய முதலாளி, பாறையும் முள்ளுமாகக் கிடந்த அந்தச் சரிவை, தன்னிடம் வேலை பார்த்த அம்மாவின் பெயருக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். பதிவு செய்யவில்லை; அந்த நாளில் அது யாருக்கும் தோன்றவில்லை. அப்பா பள்ளிக்கூட விடுதிச் சமையல்கட்டில் வேலை முடிந்து வந்து பாறையை உடைப்பார், அம்மா மண் சுமப்பாள், இப்படித்தான் எங்கள் வீடு எழுந்தது. முதலாளி கண்ணை மூடியதும் அம்மாவின் வேலை நின்றது, தோட்டம் அவருடைய மருமகன் கைக்குப் போனது. அவருக்குச் சரிவில் டூரிஸ்டுகளுக்குக் காட்டேஜ் கட்ட ஆசை.

ஒரு நாள் தூறலில் அவருடைய மேனேஜர் குடையோடு வந்து வாசலில் நின்றார். நனைகிற மனிதரை நிற்கவைத்துப் பேச அம்மாவுக்குத் தெரியாது. "ஏன்ங்க வெளிய நிக்கிறீங்க, லயத்துக்குள்ள வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட்டாள். அவரும் வந்தார், குடித்தார், நன்றாக இருக்கிறதென்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்து வந்தது கோர்ட் நோட்டீஸ். சரிவில் இருப்பது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு, வேலை நின்றுவிட்டதால் காலி செய்து ஒப்படைக்க வேண்டும், பிரதிவாதியே அதை 'லயம்' என்றுதான் அழைக்கிறார் என்று எழுதியிருந்தது. குடித்த தேநீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

லயம் என்பது இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வரிசையாகக் கட்டிவிட்ட கூலிக் குடியிருப்பு. கம்பெனிச் சொத்து. வேலை உள்ளவரை இருக்கலாம், நின்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அம்மா பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் லயத்தில். சட்டிபானையோடு அந்தச் சொல்லையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். எங்கள் வீட்டின் முன்பக்கம் 'இஸ்தோப்பு', அடுப்படி 'குசினி', படுக்கிற இடம் 'காம்பரா', எல்லாம் சேர்ந்தது 'லயம்'. பங்களாவில் இல்லாத ஜனங்கள் அத்தனை பேரும் லயத்தில் இருப்பதாகவே அவள் நினைப்பு. எங்கள் டீச்சரம்மா வீட்டைக்கூட 'டீச்சர் லயம்' என்பாள்.

டவுனில் எங்களுக்கு வாய்த்த வக்கீல் ஒரு சின்ன வயதுப் பெண். நோட்டீஸை இரண்டு தடவை படித்துவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, வீட்டு வரி ரசீது உங்க பேர்ல இருக்கு, கரண்ட் உங்க பேர்ல இருக்கு. அதெல்லாம் ஓகே. ஆனா கூண்டுல ஏறி நீங்க ஒரே ஒரு தடவை லயம்னு சொன்னாலும் கேஸ் வீக் ஆயிடும்க்கா. லயம்னா அது அவங்க குவார்ட்டர்ஸ்."

"அது சும்மா பேச்சுக்குச் சொல்றதும்மா" என்றாள் அம்மா.

"பேச்சத்தாங்க்கா அங்க எழுதுவாங்க."

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஈரப் புடவையைக்கூட மாற்றாமல் என்னையும் தங்கை செல்வியையும் அப்பாவையும் உட்காரவைத்துச் சொன்னாள்: "இன்னையிலேர்ந்து நா லயம்னு சொன்னா, அந்த வேளைக்கு எனக்குத் தேத்தண்ணி கெடையாது. நீங்கதான் பாத்துக்கணும். பாவம் பாத்தீங்கன்னா நம்ம நாலு பேரும் தெருவுலதான் கெடக்கணும்." தேநீர் இல்லாவிட்டால் தலைவலியில் சுருண்டுவிடுகிற பெண்பிள்ளை அவள். விளையாட்டாக எடுத்துக்கொண்ட நானும் செல்வியும் அன்று மாலையே அவளைப் பிடித்தோம். "லயத்துக் கதவச் சாத்துங்கடி, குளிரு அடிக்குது" என்று சொல்லி முடிக்குமுன்னே செல்வி கைதட்டிக் குதித்தாள். அம்மா போய் வெறும் வெந்நீரை டம்ளரில் ஊற்றிக்கொண்டாள்.

பாவம், காலையில் கண் விழித்ததும் அந்தச் சொல்தான் வரும். தண்ணீர்க் குழாயடியில் வரும், மாட்டைத் திட்டும்போது வரும், தும்மலுக்குப் பின்னாலும் வரும். நாங்களும் விடவில்லை, விட்டுவிட அவளும் சம்மதிக்கவில்லை. சில நாட்களில் சொல் தொண்டைவரை வந்து, அவள் அதைக் கடித்து நிறுத்தி, "ல...வீடு" என்று முடிப்பாள். "லவீடு கூட்டணும், லவீடு மெழுகணும்" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். போகப்போக, மாட்டுக் கொட்டகை 'மாட்டு வீடு' ஆனது, கோழிக்கூண்டு 'கோழி வீடு' ஆனது. வெங்காயக் கூடையைத் தேடிக்கொண்டு, "வெங்காய வீட்ட எங்கடி வச்சீங்க?" என்று அவளே கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.

அப்பாவுக்கு எதிர்க்கட்சி வக்கீல் வேஷம். பொதுவாக நாளுக்கு நாலு வார்த்தை பேசுகிறவர், விடுதியில் கொடுத்த கறுப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு இஸ்தோப்பில் நின்று தொண்டையைச் செருமினார். "ஏம்மா, இந்த லயத்துல நீங்க எவ்வளவு காலமா இருக்கீங்க? சொல்லுங்கம்மா."

அம்மா இடுப்பில் கைவைத்தாள். "கட்டுன நாளா ஒரு தடவயாச்சும் இம்புட்டு மரியாதயா என்கிட்ட பேசியிருக்கீங்களா?"

அப்பா வெட்கப்பட்டு ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டார். அன்றைக்கு விசாரணை அத்தோடு முடிந்தது. ஆனால் மறுநாள் வெள்ளனே அம்மாவே ஸ்வெட்டரை எடுத்து நீட்டினாள். "போட்டுக்கங்க. இன்னைக்கு நல்லா அதட்டிக் கேளுங்க. அந்தாளு கொஞ்சுவான்னா நெனக்கிறீங்க?"

ஒரே ஒரு தடவை உடைந்தாள். அடுப்படியில் ஏதோ நினைப்பில் "எங்கம்மா செத்த வீட்டுல..." என்று ஆரம்பித்தவள், சட்டென்று நிறுத்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அது வீடு இல்லடி, அது லயம்தான். அதயும் மாத்திச் சொல்ல வருதே எனக்கு" என்று அழுதாள். மருமகன் முதலாளி மேல் வராத கோபம் எனக்கு அன்றைக்கு அந்த மூன்றெழுத்தின் மேல் வந்தது. என் கையால் தேநீர் போட்டுக் கொண்டுபோனேன். "சொல்லிட்டேன்ல, எடுத்துட்டுப் போ" என்று தள்ளிவிட்டாள்.

விசாரணை நாளில் எங்களுக்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு அழைத்துப்போனார்கள். பின் பெஞ்சில் அப்பாவுக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்தோம். எதிர்க்கட்சி வக்கீல் அப்பாவைப் போலத்தான் கொஞ்சினார். "பயப்படாம சொல்லுங்கம்மா. லயத்துக்கு யாரு தகரம் போட்டது?"

எங்கள் வக்கீல் பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். செல்வி என் கையைக் கிள்ளினாள். மழை ஓட்டின்மேல் விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

"எந்த லயம்ங்க?" என்றாள் அம்மா.

"நீங்க குடியிருக்கிற லயம்."

"நா குடியிருக்கிறது வீடுங்க. வீட்டுக்குத் தகரம் போட்டது நானும் எங்க வீட்டுக்காரரும்."

அவர் மாற்றி மாற்றிக் கேட்டார். மேனேஜரிடம் அப்படிச் சொன்னீர்களே என்று கேட்டபோது, "பழைய வாய்ப்பழக்கத்துல சொல்லியிருப்பேங்க. கட்டுனது வீடுதான்" என்றாள். எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல இருந்தது. அப்பா என் பாவாடையைப் பிடித்து உட்காரவைத்தார். தீர்ப்பு வர நாளாயிற்று, நான் பெரிய வகுப்புக்கே போய்விட்டேன். ஆனால் சரிவு எங்களுக்கே நின்றது.

இன்றைக்குப் பேரி மரங்கள் இல்லை. எங்கள் வீட்டுக்கு மேலும் கீழும் காட்டேஜ்கள், நடுவில் நாங்கள். இஸ்தோப்பை என் பிள்ளைகள் 'சிட் அவுட்' என்கிறார்கள், குசினி 'கிச்சன்' ஆகிவிட்டது. லயம் என்றால் அவர்களுக்குப் பாட்டு வகுப்பில் சொல்லித்தருகிற தாளக்கட்டுதான்.

போன வாரம் இலங்கையிலேயே தங்கிவிட்ட சித்தி போனில் வந்தாள். அவர்கள் இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள், கம்பெனிக்காரன் கொடுத்த இடத்தில், எந்தப் பத்திரத்திலும் பெயர் இல்லாமல். ஸ்பீக்கரில் குரல் கணீரென்று கேட்டது. "அக்கா, இந்த மழைக்கு லயம் பூரா ஒழுகுது."

அம்மா படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்து போனை வாயருகே இழுத்துக்கொண்டாள். "வீடு ஒழுகுதுன்னு சொல்லு."

"என்னா வீடு? நம்ம லயந்தான்க்கா."

"வீடுன்னு சொல்லுடி. இப்பவே சொல்லிப் பழகு. நாளைக்கு எவனாச்சும் கூண்டுல ஏத்திக் கேட்டா, வாயில வரணும்ல?"