கரிநாள் தாள்களில் ஒரு கடல்

ஆடி இருபதாம் தேதி காலை. அச்சகத்தில் என் மேஜைக்கு எதிரே தொங்கும் தினசரி காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தபோது செல்பேசி அடித்தது. சுந்தரவடிவு மேடத்தின் மகள். "மாமா, அம்மா போயிட்டாக. தூக்கத்துலயே." "இந்தா வாரேம்மா" என்று சொல்லிவிட்டுக் காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். 'கரிநாள்' என்று போட்டிருந்தது. நல்ல காரியம் எதையும் தொடங்காமல் ஒதுக்கிவைக்கிற நாள். எங்கள் காலண்டரில் கரிநாள் தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் இருப்பது மேடம் எழுதியதாகத்தான் இருக்கும். திருப்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆலங்குளத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல்லைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் உடன் வேலை பார்த்தவர்களுக்கு அவர் கறாரான கெமிஸ்ட். எங்கள் அச்சகத்துக்கு வந்துபோன எட்டு வருடத்தில் என்னோடு சண்டை போடாத மாதம் கிடையாது. காலண்டர் தாளின் பின்பக்கக் குறிப்புகளைத் திருத்துவது என் வேலை. கரிநாள்களுக்கு அவற்றை எழுதுவது அவர் வேலை. சண்டைக்கு இது போதாதா?

முதல் சந்திப்பே சண்டைதான். ஒரு தாளில், சுண்ணாம்புக்கல் எரிமலைக் குழம்பு இறுகி உண்டாவது என்று நான் எங்கிருந்தோ எடுத்துப் போட்டுவிட்டேன். அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆலங்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். கைப்பையிலிருந்து வெள்ளைக் கல் ஒன்றை எடுத்து என் மேஜையில் வைத்தார். டீக்கடையில் அரை எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொன்னார். கல்லின் ஓரத்தைச் சுரண்டி, அந்தத் தூள்மேல் பிழிந்தார். பொறுபொறுவென்று நுரைத்தது.

"பாத்தீகளா அண்ணாச்சி? இது எரிமலை இல்ல. கடலு. மீனு, நத்தை எல்லாம் வாரதுக்கு முந்தின கடலு. அடியில படிஞ்சு, பெறகு பூமிச் சூட்டுல வெந்து இப்படி ஆயிருக்கு."

விருதுநகர் வெயிலில் பிறந்து வளர்ந்தவன் நான். தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை போட்ட ஊரில் நின்றுகொண்டு, இது கடல் என்கிறார் ஒரு பெண்மணி. சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சத்தம் கேட்டு உள்ளே இருந்து வந்த முதலாளி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்களே எழுதிக் கொடுங்க மேடம்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அடுத்த வாரமே ஒரு கட்டுத் தாளோடு வந்து நின்றார் மேடம்.

அத்தனையும் கடலைப் பற்றி. பழைய கடலில் என்ன கரைந்திருந்தது, அது எப்போது கெட்டது, கெட்டபோது எவையெல்லாம் செத்தன என்று. ஏறக்குறைய இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் கக்கிய கரியமில வாயுவால் பூமி சூடேறியது. கடல் நீரில் ஆக்சிஜன் குறைந்தது. ஆக்சிஜன் வேண்டாத நுண்ணுயிர்கள் பெருகி, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கந்தக வாயுவைக் கிளப்பின. கடலில் இருந்த உயிர்வகைகளில் பெரும்பாலானவை செத்தொழிந்தன. படித்து முடித்ததும் எனக்கே பயம் வந்தது. முதலாளிக்கு வேறு கவலை.

"மேடம், ஜனங்க காலண்டரைச் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டுறாக. கல்யாணத்துக்கு நாள் பாக்குறாக. அதுல போயி செத்துச்சு, அழிஞ்சுச்சுன்னு போடலாமா? ஆர்டர் கொடுத்தவுக என்னைய உண்டு இல்லைன்னு பண்ணிருவாக."

அது உண்மைதான். காலண்டரில் அமங்கலச் சொல் வராமல் பார்ப்பது முப்பது வருடமாக என் பிழைப்பு. அதனால் 'செத்தன' என்று மேடம் எழுதிய இடத்தில் எல்லாம் 'மறைந்தன' என்று திருத்தினேன். அலுத்துப்போய் ஓரிடத்தில் 'விடைபெற்றன' என்றும் போட்டேன். அச்சுப்படியைப் பார்த்ததும் மேடத்துக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"விடைபெற்றனவா? அதுக என்ன கல்யாண வீட்டுக்கா வந்துச்சு அண்ணாச்சி, தாம்பூலப் பை வாங்கிட்டுக் கெளம்ப? செத்ததைச் செத்துச்சுன்னு சொல்லாட்டி, எதனால செத்துச்சுன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்."

மூன்று நாள் இழுபறி. மேடம் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். நாலாம் நாள் வந்து பஞ்சாங்கத்தைக் கேட்டு வாங்கினார். விரலை ஓட்டிக்கொண்டே போனவர் நிமிர்ந்து, "கரிநாள்ல யாரும் நாள் பாக்க மாட்டாகள்ல முதலாளி? அந்தத் தாளுகளை எல்லாம் எனக்குக் கொடுத்துருங்க" என்றார்.

முதலாளி அச்சகமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். இப்படித்தான், வேறு எந்த ஊர்க் காலண்டரிலும் இல்லாத வழக்கமாக, எங்கள் காலண்டரின் கரிநாள் தாள்களில் கடல் சாக ஆரம்பித்தது. அடுத்த கரிநாள் எப்போது வரும் என்று முன்கூட்டியே புரட்டிப் பார்க்கும் வாசகர்கள்கூட உண்டானார்கள். கரிநாளுக்காகக் காத்திருந்த ஜனம் உலகத்தில் வேறெங்காவது உண்டா?

ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம், சாயங்காலம் இருவரும் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். ஏதோ ஒரு பட்டாசுக் கம்பெனியில் புது வாணத்தை விட்டுப் பார்த்தார்கள். வானத்தில் நல்ல ரத்தச் சிவப்பு. "அங்கன பாருங்க, ஸ்ட்ரான்சியம். வாணத்துக்குச் செவப்பு கொடுக்குற உலோகம்" என்றார் மேடம். "நம்ம கல்லுலயும் அது துளி உண்டு. பழைய கடலுக்குள்ள ஆறுக எதைக் கரைச்சுக் கொண்டாந்து கொட்டுச்சுன்னு அதை வச்சுத்தான் கண்டுபிடிக்காக." பஸ் வந்து போயே விட்டது. அதைச் சொன்னதற்கு, "அடுத்த பஸ்ஸும் வரும், நீங்க கேளுங்க" என்றார். இடத்துக்குத் தகுந்தாற்போல் சுருக்கமாக எழுதவும் வராது, பேசவும் வராது அவருக்கு.

இனிச் சொல்லப்போவது என் தவறு. அந்தக் கந்தக வாயுவைப் பற்றிய தாளின் கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: 'நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று நம்பாதீர்கள். உங்கள் மூக்குதான் செத்திருக்கும்.' இடம் பற்றவில்லை. கடலுக்கும் நம் மூக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து அந்த வரியை வெட்டிவிட்டேன். அச்சுப்படியைப் பார்த்துவிட்டு, மறுநாள் அச்சகம் திறக்கும்போதே மேடம் வாசலில் நின்றார். அன்றைக்கு அவர் சத்தம் போடவில்லை. "கடலை எம்புட்டு வேணும்னாலும் வெட்டிக்கோங்க அண்ணாச்சி. இந்த வரியை மட்டும் விட்டுருங்க. மூடிக்கெடக்குற சாக்கடைக் குழியிலயும் இதே வாயுதான். அதுக்குள்ள எறங்குறவுக வீட்லயும் நம்ம காலண்டர் தொங்குது" என்றார். முணுமுணுத்துக்கொண்டே திரும்பச் சேர்த்தேன்.

அந்தத் தாள் வந்து சில வாரம் கழித்து, ஆனைக்குட்டத்திலிருந்து பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண், மாரியம்மாள், எங்களைத் தேடி வந்தார். அவர் வீட்டுக்காரர் பின்கட்டில் மூடிக்கிடந்த செப்டிக் டேங்கைத் திறந்திருக்கிறார்.

"தெறந்தப்ப கொடலைப் பெரட்டுச்சு சார். அது பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தாக. கொஞ்ச நேரத்துல 'வாடை போயிருச்சு, எறங்குறேன்'னு ஏணியில கால வச்சுட்டாக. எனக்குக் கம்பெனி காலண்டர்ல படிச்சது பட்டுன்னு வந்துச்சு. வாடை போகல, உம்ம மூக்குதான் செத்துருச்சுன்னு கத்தி, சட்டையைப் புடிச்சு இழுத்துட்டேன். கிழிஞ்சே போச்சு."

பிறகு டவுனிலிருந்து இயந்திர லாரி வந்து சுத்தம் செய்ததாம். மேடம் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். வரியை வெட்டியவன் நான் என்பதை மாரியம்மாளிடம் அவர் சொல்லவே இல்லை. பின்னால் என்னிடமும் குத்திக்காட்டவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு முன்னால் நான் இன்னும் கூசி நிற்கிறேன்.

ஆலங்குளத்துக்குப் போய் மேடத்தை வழியனுப்பிவிட்டு வந்த பிறகுதான் அந்த ஆடி இருபது தாளைத் திருப்பினேன். 'கெட்டுப்போன கடல் மறுபடி சீராகப் பல லட்சம் ஆண்டுகள் ஆயின. அது காத்திருந்தது. நம்மால் முடியுமா?' என்று இருந்தது. அதைக் கிழிக்க மனம் வரவில்லை. மகளிடம் கேட்டு வாங்கி வந்த அந்த வெள்ளைக் கல், எலுமிச்சை அரித்த ஓரத்தோடு, இப்போது என் மேஜையில் இருக்கிறது.

அடுத்த வருடக் காலண்டர் அச்சுக்குப் போகிறது. ஆடி இருபது வழக்கம்போல் கரிநாள். அதன் பின்பக்கத்தில், 'இத்தாள்களை எழுதிய சுந்தரவடிவு சென்ற ஆண்டு இதே நாளில் மறைந்தார்' என்று எழுதினேன். முப்பது வருடக் கைப்பழக்கம். எழுதியதைப் பார்த்து எனக்கே கோபம் வந்தது. கடைசிச் சொல்லை அடித்து, வேறு சொல் போட்டு முதலாளியிடம் நீட்டினேன். அவர் வாசித்துவிட்டுத் தாளை என்னிடமே திருப்பித் தந்தார்.

"கரிநாள் தாள்தான அண்ணாச்சி, அப்படியே போகட்டும். மாத்துனா மேடம் நம்மளச் சும்மா விடுவாகளா?"

'இறந்தார்' என்றே அச்சாகிறது.