கட்டை உருண்டு நிற்கும்வரை

தெய்வானைக்குத் தண்ணீரென்றால் பயம். அது எவ்வளவு பெரிய பயமென்று அவள் புருஷனுக்கே தெரியாது. தலைக்குக் குளிக்கும்போது கதவைத் தாழிடமாட்டாள். மலாக்கா ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது ஓரமாக நடக்கமாட்டாள். கணேசமூர்த்தி அதையெல்லாம் அவள் சுபாவமென்று விட்டுவிட்டார்.

கணேசமூர்த்திக்கு நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலை. மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்கு மறுவருஷம், மலாக்காவில் காஜா பெராங் பகுதியிலிருந்த வீட்டில் அவர் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். கெட்டித் தாளில் தீவுகளை வரைந்து மேசைமேல் விரித்துவைத்துக் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக மாறி, தாங்கள் என்ன செய்கிறோமென்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதைத் தாயக்கட்டை முடிவுசெய்யும். பக்கத்து வீட்டு பஸ் கண்டக்டர் ராஜரத்தினமும் அவர் மனைவி கமலவேணியும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவார்கள். தெய்வானையின் வீரன் பெயர் மாறன். கோட்டைச் சுவர் ஏறி, வாள்சண்டையில் பத்துப் பேரைச் சாய்த்தவன்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் நல்ல மழை. கதையில் மாறன் போன படகு கவிழ்ந்தது. கீழே முதலை.

"தண்ணிக்குள்ள சண்டைன்னா சட்டம் வேற," என்றார் கணேசமூர்த்தி, உற்சாகமாக. "கட்டை உருண்டு நிக்கிறவரைக்கும் மூச்சப் பிடிச்சுக்கணும். மூச்சு விட்டா வீரன் தண்ணியக் குடிச்சிட்டான்னு அர்த்தம். பேசவும் கூடாது, சைகைதான்."

"நல்லா இருக்குலா!" என்றார் ராஜரத்தினம்.

தெய்வானை மூச்சைப் பிடித்தாள். கட்டை உருண்டது, முதலை மாறன் காலைக் கவ்வியது. சண்டை முடியவில்லை; அடுத்த கட்டையும் உருண்டு நிற்கும்வரை சட்டப்படி அவள் மூச்சை விடக்கூடாது. கணேசமூர்த்தி அடுத்த வீச்சுக்குக் கட்டையைக் கையில் குலுக்கிக்கொண்டே, கீழே எப்படி இருட்டாக இருக்கிறது, சேறு எப்படிக் கலங்குகிறது என்று வர்ணித்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் காது அடைத்தது. மேசையும் மனிதர்களும் மங்கினார்கள். போதும், நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. கையை உயர்த்தி ஆட்டினாள்.

"பாரு, வாள வீசுது தங்கச்சி!" ராஜரத்தினம் சிரித்தார்.

மறுபடியும் ஆட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். கமலவேணிதான் அவள் உதடு நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்: "ஐயோ, என்ன பண்றீங்க! அக்கா, மூச்ச விடுங்க!"

தெய்வானை நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பின்வாசலுக்கு ஓடினாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மழைச்சாரல் முகத்தில் படாமல் திரும்பி நின்று, வாய் திறந்து மூச்சு வாங்கினாள்.

கணேசமூர்த்தி பதறிப்போய்ப் பின்னால் வந்தார். அங்கேதான் அவள் முதன்முதலாகச் சொன்னாள். ஜப்பான்காரன் காலத்தில், சிறு பெண்ணாக இருந்தபோது, மூவாருக்குப் போன சாம்பான் படகு கவிழ்ந்து, பாய்மரத்துக் கித்தான் துணி அவள்மேல் விழுந்துவிட்டது. எந்தப் பக்கம் கை வைத்தாலும் துணி. மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. யாரோ படகுக்காரர் தலைமயிரைப் பிடித்து இழுத்தபோதுதான் வெளிச்சம் தெரிந்தது.

"எங்கிட்ட சொல்லவே இல்லியே," என்றார் அவர். "முதலை விட்டுட்டுப் போயிருச்சுன்னு சொல்லிடறேன். இந்தக் கதையே வேணாம்," என்றார்.

"வேணாங்க. அது அப்படில்லாம் விட்டுட்டுப் போவாது."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததை ராஜரத்தினம் எதிர்பார்க்கவில்லை. "நானும் பேசுவேன்," என்றாள் தெய்வானை. "மூச்சும் விடுவேன். ஆனா நான் சொல்றபடி நடக்கணும். வாள வீச முடியாது, தண்ணி கையப் பிடிச்சுக்கும். மாறன் வாள விட்டுட்டான். முதலையோட கண்ணத் தேடுறான். எங்கயும் இருட்டு. கையில தட்டுப்படுறது முதலைத் தோலா, தன் காலான்னு அவனுக்கே தெரியல."

சொல்லச் சொல்ல மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். நிறுத்தவில்லை. கமலவேணி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"தாயம் விழுந்தா கண்ணு கிடைக்கும், இல்லேன்னா அவ்வளவுதான்," என்றார் கணேசமூர்த்தி. கட்டையை அவள் பக்கம் தள்ளினார். "நீயே போடு."

போட்டாள். மூன்று.

"செத்துட்டானா?" என்றாள்.

"செத்துட்டான்," என்றார் மெதுவாக.

தெய்வானை கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாறன் போய்விட்டான், அவள் நாற்காலியில் இருந்தாள், மூச்சு வந்து போய்க்கொண்டிருந்தது. அது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு அழுதாள். யாரும் தடுக்கவில்லை.

நீச்சல் அவள் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. பயமும் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் கணேசமூர்த்திக்கு வெளியூர் வேலை வந்த மாதங்களில் கதை சொல்லும் இடத்தில் அவள் உட்கார்ந்தாள். அவள் கதையில் கடல் வந்துவிட்டால் மேசையைச் சுற்றி ஒரு சத்தம் இருக்காது.

ஒருநாள் ராஜரத்தினம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கெஞ்சினார்: "தங்கச்சி, இந்த வாரமாச்சும் நம்மள மலையில விடேன்."

"அண்ணே, படகு கிளம்பிருச்சு," என்றாள் தெய்வானை.