புதுமனைக்குப் போன குட்டைப் பசு

மலேசியாவில், பத்து காஜா ஊருக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்து ஓரத்தில் குட்டைப் பசுக்கள் வளர்க்கிறேன். முழுதாக வளர்ந்தாலும் என் இடுப்புயரம் தாண்டாத இனம். சில மாதங்களுக்கு முன், ஈப்போவில் அடுக்குமாடி வீடு வாங்கிய ஒருவர் புதுமனை புகுவிழாவுக்கு என் பசு செல்லியைக் கேட்டார். லிஃப்டில் ஏறக்கூடிய பசு வேறு கிடைக்காதாம். நல்ல காரியம்தானே என்று லோரியில் ஏற்றி அனுப்பினேன். கூடவே நானும் போகாதது என் தப்பு.

விழா அன்று மதியம் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. "அக்கா, மாடு படுத்துருச்சு. எந்திரிக்கவே மாட்டேங்குது."

பதறி ஓடினேன். கூடத்தில் செல்லி மூச்சுத் திணறிக் கிடந்தது. இடப்பக்க வயிறு மத்தளம்போல் உப்பியிருந்தது.

"என்ன குடுத்தீங்க?"

"சக்கரப் பொங்கல், லட்டு... வந்தவங்க எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் ஊட்டினாங்க. புண்ணியம்தானக்கா" என்றார் வீட்டுக்காரர்.

அந்த நிலையிலும் ஒரு பெண் செல்லியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள். "தள்ளும்மா! இது மாடு, பொம்ம இல்ல!" என்று கத்திவிட்டேன்.

கால்நடை மருத்துவர் வந்து, வாய்வழியே குழாய் செலுத்திக் காற்றை வெளியேற்றிய பிறகுதான் செல்லி பிழைத்தது. கொஞ்சம் தாமதித்திருந்தால் செத்திருக்கும் என்றார். வீட்டுக்காரரோ, "கார்பெட்டெல்லாம் பாழாயிடுச்சுலா" என்று என்னிடமே குறைபட்டுக்கொண்டார். காலையில் அதன் காலைத் தொட்டுக் கும்பிட்ட மனிதர்!

இப்போதெல்லாம் எந்த விசேஷத்துக்கும் என் பசுக்களை வெளியே அனுப்புவதில்லை. கோமாதாவின் ஆசி வேண்டுமென்றால் கொட்டகைக்கு வரட்டும். புல்லைத் தவிர வேறெதுவும் கொண்டுவர வேண்டாம்.