பெயர் கேட்காத நர்ஸ்

இங்கே பள்ளிக் கழிப்பறைக் கதவுகள் தரையைத் தொடுவதில்லை. உள்ளே இருப்பவரின் செருப்பு வெளியே தெரியும். மாசசூசெட்ஸில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு நர்ஸாக வந்த புதிதில் எனக்கு ஒரே கூச்சம். கதவுக்கு மரம் பற்றாத ஊருக்கா வந்திருக்கிறேன் என்று திண்டுக்கல்லில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொல்லிச் சிரித்தேன். உள்ளே யாராவது மயங்கி விழுந்தாலும் தெரியும் என்று காவலாளி ஒருவர் சொன்னபோது சிரிப்பு நின்றது.

இரண்டாயிரங்களின் பிற்பகுதி அது. முதுகுவலிக்கும் பல் பிடுங்கியதற்கும் டாக்டர்கள் எழுதிக்கொடுத்த ஓபியாய்ட் மாத்திரைகள் வீட்டுக்கு வீடு மிச்சம் கிடந்தன. பிள்ளைகள் போதைக்காக அவற்றை எடுத்து விழுங்கினார்கள். அளவு மிஞ்சினால் தூக்கம் போல வந்து மூச்சு நின்றுவிடும். அதை முறிக்க நலாக்ஸோன் என்று மூக்கில் பீய்ச்சும் மருந்து உண்டு. அதைப் பள்ளியில் வாங்கி வைத்து, ஆசிரியர்களைப் பழக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. யாராவது மயங்கி விழுந்தால், கூட இருந்த பிள்ளைகளின் பெயரை முதலில் கேட்டுப் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்றார் தலைமையாசிரியை. பெயர் கேட்டால் ஓடிவிடுவார்கள், கேட்கக் கூடாது என்றேன்.

"உங்கள் நாட்டில் இதையெல்லாம் மறைத்துவிடுவீர்களா?" என்றார்.

"ஆமாம், மறைப்போம்" என்றேன். அதனால்தான் சொல்கிறேன் என்று விளக்குவதற்குள் அவர் எழுந்து போய்விட்டார்.

தொண்ணூறுகளில் நான் திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். நிலக்கோட்டைப் பக்கமிருந்து பூ ஏற்றும் வேனில் ஒருத்தி தன் புருஷனைக் கொண்டுவந்தாள். அவன் வாயில் நுரை.

"வயித்து வலிம்மா. நேத்துத் தின்ன கறி சேரல" என்றாள்.

பூச்சிமருந்து வாடை வராந்தா வரை அடித்தது. எங்கள் பக்கம் மருந்து குடித்தவரைக் கொண்டுவரும் எல்லாக் குடும்பமும் இதைத்தான் சொல்லும். உண்மையைச் சொன்னால் போலீஸ் கேஸாகும், ஊர் சிரிக்கும் என்ற பயம். ஆனால் எந்த மருந்து என்று தெரியாமல் டாக்டர் என்ன செய்வார்?

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "போலீசு கெடக்கட்டும். நான் ஒம் பேரக்கூட கேக்கல. என்னத்தக் குடிச்சாருன்னு மட்டும் சொல்லு தாயி."

"மல்லிக்கு அடிக்கிற மருந்தும்மா" என்று சொல்லி, இடுப்பில் செருகியிருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அவன் பிழைத்தான்.

தலைமையாசிரியை எழுந்து போன மறுநாள் அவரிடம் இதைத் தட்டுத்தடுமாறி முழுவதும் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, நீங்கள் பெயர் கேட்க வேண்டாம்" என்றார். அப்படி ஒத்துக்கொண்ட அந்த மனுஷிக்கு நான் என்றும் கடமைப்பட்டவள். வகுப்பு வகுப்பாகப் போய், நர்ஸ் பெயர் கேட்க மாட்டாள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு மாணவி மூச்சிரைக்க என் அறைக்கு ஓடிவந்தாள். கழிப்பறையில் அவள் சிநேகிதன் உதடு நீலம் பாரித்துக் கிடந்தான். என்ன விழுங்கினான் என்று மட்டும் கேட்டேன். அவன் அம்மாவின் வலி மாத்திரை என்றாள். மருந்தைப் பீய்ச்சி, ஆம்புலன்ஸ் வரும்வரை நான் அவனுக்கு மூச்சு ஊத, அந்தப் பெண் அவன் காலடியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் இருமிக்கொண்டு கண் திறந்தபோது நான்தான் அழுதேன்.

அவன் படிப்பை முடித்த நாளில் அவன் அம்மா என்னை இழுத்துத் தங்கள் குடும்பப் படத்தில் நிற்க வைத்தாள். அந்த நிலக்கோட்டைக்காரியும் அதில் நின்றிருக்க வேண்டும் என்று எனக்கிருந்தது. ஒரு பிரதியைத் திண்டுக்கல்லில் என் அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். வருகிறவர்கள் இந்த வெள்ளைக்காரப் பையன் யார் என்று கேட்கிறார்களாம். "அவன் நம்ம பயதான்" என்று சொல்லிவிட்டு, ஓரத்தில் நிற்கும் என்னைக் காட்டி, "இவதான் இப்ப அவுங்க வீட்டுப் பொண்ணு" என்கிறாளாம் அம்மா.