பத்தொன்பதாவது வாரத்துக்கு வந்தவன்

அன்று மாலை எங்கள் அறைக்குக் கீழ்வீட்டில் மூன்று பேர் இருந்தோம்: ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்த அக்கா, என் அறைத்தோழன், நான். அக்காவின் வீட்டுக்காரர் இரண்டாம் ஷிப்டுக்குப் போயிருந்தார். பத்தொன்பதாவது அத்தியாயமும் இல்லை.

ஒரு வாரப் பத்திரிகையின் தொடர்கதையை அக்கா வாராவாரம் கிழித்துச் சேர்த்திருந்தார். லாரி ஷெட் நடத்தும் ஒரு பெண்ணும் அவளுடைய டிரைவரும் கொலைகாரனைத் தேடிப் போகிற கதை. நடுவில் இரண்டு மாநிலத்துக்கும் தகராறு வந்து எல்லையில், பாலாற்றோடு பஸ் நின்ற வாரம், மைசூருக்குப் பத்திரிகை வரவில்லை. பதினெட்டாவது வாரம் மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லாரி ஓடுகிறது. இருபதாவது வாரம் டிரைவர் கையில் கட்டோடு டீ குடிக்கிறார். தொடர் முடிந்து பைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டிய நேரத்தில் நடுவில் ஓட்டை. எங்கு தேடியும் அந்த இதழ் கிடைக்கவில்லை.

நான் எழுதித் தருகிறேன் என்றேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். என் கையெழுத்து ஒரு புத்தகத்துக்குள் தைக்கப்படப் போகிறது என்ற நினைப்பில் இரண்டு நாள் சோறு சரியாக இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை அதே இருவருக்கும் எட்டுப் பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். கதையில் புதிதாக ஹனூர்ப் பக்கத்து இளைஞன் ஒருவன், பி.காம். பட்டதாரி, ஓடும் லாரியில் தாவி ஏறி அதை நிறுத்துகிறான். ஐந்து மொழி பேசுகிறான். டயர்த் தடத்தை வைத்தே கொலைகாரன் யாரென்று கண்டுபிடித்துவிடுகிறான்; அடக்கம் காரணமாகச் சொல்லவில்லை. ஷெட்காரம்மா வாழ்க்கையில் முதல் தடவையாக அழுகிறாள்.

அவனுக்கு நீலக் கட்டம் போட்ட சட்டை கொடுத்திருந்தேன். அறைத்தோழன் வெளியே கொடியில் காய்ந்த என் சட்டையை நிமிர்ந்து பார்த்தான்.

“மலையே ஏறி எறங்கியும் கசங்கல பாரு. சோப்பு எது குரு?” என்றான்.

அக்கா சிரிக்கவில்லை. பத்தி உருட்டும் கையும் நிற்கவில்லை.

“இருபதாவது வாரத்துல இவன் இல்லீயே தம்பி. எங்க போனான்?”

அரசாங்கம் டில்லிக்கு அழைத்துக்கொண்டது என்றேன். அதையும் எழுதித்தான் வைத்திருந்தேன்.

“செரி, போவட்டும். பதினெட்டு வாரமா வண்டி ஓட்டுன மனுசன், பிரேக் எதுன்னு இவங்கிட்டக் கேக்கறாரு. ஊரையே மெரட்டுனவ இவனப் பாத்ததும் அழுவறா. இவன் கெட்டிக்காரனா இருக்கட்டும் சாமி. அதுக்கு மத்தவங்க எதுக்கு மக்கு ஆகோணும்?”

உயர்ந்த மனிதனைக் காட்டினால் படிப்பவர்களும் உயர்வார்கள் என்று வாதாடினேன். உயர்ந்தவன் எங்கே ஒண்ணுக்குப் போனான் என்று அறைத்தோழன் கேட்டான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியானால் வெற்றுத் தாளை வைத்தே தைத்துக்கொள்ளுங்கள் என்று நோட்டை மூடினேன்.

“அந்த எறக்கம் எழுதுன பாரு, எனக்கு வயித்தப் பெரட்டுச்சு. அது வேணும். அவன மட்டும் லாரிய விட்டு எறக்கி உட்டுடு” என்றார் அக்கா.

திருத்தி எழுத மூன்று நாள் ஆயிற்று. இறக்கிவிட்டால் அடுத்த பத்தியில் டாக்டராக வந்து நிற்பான். கடைசியில் டிரைவரே லாரியை மண்மேட்டில் மோதி நிறுத்தினார், கை ஒடிந்தது. பட்டதாரி பின்னால் வந்த பஸ்ஸில், ஜன்னல் வழியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அந்த இடத்தில் அக்கா சிரித்துவிட்டார். பதினெட்டுக்கும் இருபதுக்கும் நடுவே தாள்களைச் செருகிக் கட்டினார்.

நோட்டுத்தாள் பத்திரிகைப் பக்கத்தைவிடச் சின்னது, ஒவ்வொன்றையும் வேறு தாளில் ஒட்டித்தான் தைக்க வேண்டும் என்றார் பைண்டிங் கடைக்காரர். புத்தகத்துக்கு இருபத்திரண்டு ரூபாய், என் அத்தியாயத்துக்குத் தனியாக ஆறு. அக்காவும் நானும் ஆளுக்குப் பாதி போட்டோம். மொத்தம் இருபத்தெட்டு ரூபாய்.