மீட்டிங்கில் இருக்கிறேன்

போன வருடம் ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில், எங்கள் காட்டில் இருக்கும் புழுமனையில் அன்று இருந்தவர்கள் அப்பா, அம்மா, பக்கத்துக் காட்டுக்காரர். இல்லாதவன் நான். எங்கள் வீட்டில் எழுத்துப் படிக்கத் தெரிந்த ஒரே ஆளும் நான்தான்.

பட்டுப்புழு வளர்ப்புதான் எங்களுக்குப் பிழைப்பு. தோலுரிக்கும் நாலாம் தூக்கம் கலைந்து எழும் புழு ஒரு வாரம் ஓயாமல் தின்னும்; அப்புறம்தான் கூடு கட்டும். அந்த ஒரு வாரத்துக்கு எங்கள் மல்பெரித் தழை போதவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் தன் தழையைத் தருவதாகச் சொன்னார். ஆறு நாளைக்கு முன்னால் பூச்சி மருந்து அடித்திருப்பதையும் மறைக்காமல் சொல்லி, காலி டப்பாவைக் கையில் கொடுத்தார்.

அப்பா அந்த டப்பாவைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "தம்பி, இது என்னா மருந்துன்னு பேரப் படிச்சு, பட்டு ஆபீசருக்கு ஒரு போனப் போட்டுக் கேளு. இந்தத் தழைய இன்னைக்கே போடலாமா, நாளு பொறுக்கணுமா? புழு பசியில கெடக்குது சாமி." பிறகு இரண்டு முறை கூப்பிட்டார்.

நான் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து அது மூன்றாவது வாரம். ஆபீஸ் ஆட்கள் மூன்று பேருடன் டீக்கடையில் நின்றிருந்தேன். அப்பா போனில் பேசினால், காட்டின் அந்தக் கோடியில் நிற்பவரைக் கூப்பிடுவது போலத்தான் பேசுவார். முந்தின வாரம் அவர் குரல் இவர்களுக்குக் கேட்டுவிட்டது. "என்னடா, வூட்டுக்கு எப்ப வர்ற?" என்று ஒருவன் அவரைப் போலவே பேசிக் காட்டினான். மூன்று நாள் அதையே சொல்லிச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அதனால் அன்று போனை வெட்டினேன். போனிலேயே தயாராக இருக்கும் இங்கிலீஷ் பதிலைத் தட்டிவிட்டேன்: மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு கூப்பிடுகிறேன் என்று. படிக்கத் தெரியாத மனிதருக்கு அதை அனுப்பினேன். போட்டோவைத் திறக்கவில்லை. பிறகு கூப்பிட வேண்டும் என்பதும் மறந்துபோனது.

புதுத் தழை வந்தால் பத்துப் புழுவை முறத்தில் எடுத்து, அவற்றுக்கு மட்டும் போட்டு, அரை நாள் பார்ப்பது அப்பாவின் வழக்கம். அன்று அப்படிப் பார்க்கவில்லை. என் பதில் வந்த சத்தம் கேட்டதும், "பாத்துட்டான். வேணாம்னா கூப்பிட்டிருப்பான்" என்றாராம். அந்த நம்பிக்கையில் எல்லாத் தட்டுக்கும் தழையைப் போட்டிருக்கிறார்கள்.

மறுநாள் அம்மா போனில் அழ, பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். புழுக்கள் தலையை ஆட்டி ஆட்டிப் பச்சையாகக் கக்கிக்கொண்டு சுருண்டு கிடந்தன. அம்மா கூடை கூடையாக வாரிக் குழியில் கொட்டிக்கொண்டிருந்தாள். மீட்டிங்கில் இருந்தேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

பார்க்க வந்த ஒருவர், "பையன்தான் பெரிய படிப்பாச்சே, ஒரு வார்த்த கேக்கறதுக்கு என்னா?" என்று குத்தினார்.

"அவனுக்கு மீட்டிங்குங்க. அவன் என்னா பண்ணுவான்? நான் நாலெழுத்து படிச்சிருந்தா நானே பாத்திருப்பேங்க. கைநாட்டுக்குப் புழு எதுக்குங்க?" என்றார் அப்பா. பக்கத்தில் நின்ற நான் அம்மாவிடமிருந்து கூடையை வாங்கிக்கொண்டு குழிப்பக்கம் போனேன்.

பல வாரம் அந்த மதியத்தை மனசுக்குள் திருத்திக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை ரூமில் தனியாக இருக்கிறேன், போனை எடுக்கிறேன். இன்னொரு தடவை டீக்கடையிலிருந்து ரோட்டைத் தாண்டிப் போய்ப் பேசுகிறேன். எல்லாவற்றிலும் புழு பிழைத்துவிடும். ஒருநாள்தான் உறைத்தது: எதிலும் அந்த மூன்று பேர் என் பக்கத்தில் இல்லை. அவர்கள் காதில் விழும்படி அப்பாவைப் பேசவிடுவதாக ஒரு தடவைகூட என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அப்பாவோ தன் நினைப்பில் வேறு ஆளாகவே மாறிக்கொண்டிருந்தார், படித்தவராக. நானோ நின்ற இடத்தை மட்டும் மாற்றினேன்; ஆள் மாறவில்லை. கூசிப்போக வேண்டியவன் நான். கூசிப்போய் உட்கார்ந்திருந்தவர் அவர்.

அடுத்த வளர்ப்புக்காகப் புழுமனைக்குச் சுண்ணாம்பு அடித்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு மீட்டிங் இல்லப்பா. டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன்."

அப்பா மட்டையை வாளியில் தோய்த்தார். "கூட யாராச்சும் இருந்தாங்களா?"

"ஆபீஸ் ஆளுங்க."

ஒரு சுவர் முழுக்க அடித்து முடித்தார். "நானுந்தான் கொஞ்சம் சத்தமாப் பேசிப்புடறேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போதும் அவர் கூப்பிடுகிறார். எடுத்ததும் குரலைத் தாழ்த்தி, "பக்கத்துல ஆளுங்க இருக்காங்களாப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றது. "இருக்காங்க, நீங்க சத்தமாவே பேசுங்கப்பா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். அவர் நம்புவதில்லை.

அன்று குழிக்குப் போனது நாற்பதாயிரம் புழு. ஒரே வருடத்தில் அதை ஈடுகட்டிவிட்டோம். காட்டின் அந்தக் கோடிவரை கேட்கும் அப்பாவின் குரல் போனது சுண்ணாம்பு அடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை; அது இன்னும் திரும்பி வரவில்லை.