அப்பாவின் தலைச்சாக்கு

அப்பா கடலோரத்துக் கொப்பரைக் கிட்டங்கியில் மூட்டை தூக்கினார். பினாங்கில் மழைக்குக் குறைவில்லை. நனைந்த கொப்பரையில் பச்சையாகப் பூஞ்சணம் பிடிக்கும். மூட்டையைப் புரட்டினால் புகைபோல் தூள் எழும். எல்லோரும்தான் அதில் நின்றார்கள். அப்பாவுக்கு மட்டும் சாயங்காலமானால் குளிர்காய்ச்சல், மூச்சுத் திணறல். ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் இராது.

"உன் காய்ச்சலுக்குக்கூட லீவு நாள் தெரியுது லா, தம்பி" என்பாள் எங்களோடு இருந்த அத்தை.

"போகப் போகப் பழகிடும் அக்கா" என்பார் அப்பா.

வேலை வாங்கும் மண்டோர் பழக விடுவதாக இல்லை. இனி ஒரு நாள் படுத்தாலும் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்.

அப்பா பால்குடம் எடுப்பதாக அம்மா நேர்ந்துகொண்டாள். சாமி காரியம் என்பதால் தைப்பூசத்துக்கு ஒரு வாரம் லீவு விட்டார்கள். தண்ணீர்மலைக் கோயில் படிகளை அப்பா நிற்காமல் ஏறினார். முருகன் காப்பாற்றிவிட்டான் என்று அம்மா அழுதாள். எனக்குப் பயம். விரதத்தின் நடுவில், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா கொடுத்த நெத்திலியைத் தின்றிருந்தேன். எட்டு வயது.

வேலைக்குத் திரும்பிய அன்றே காய்ச்சல் வந்தது.

"விரதத்துல எங்கியோ குத்தம் இருக்கு" என்றாள் அத்தை.

எங்கே என்று எனக்குத் தெரியும். சொல்லத் தைரியமில்லை. அப்பாவுக்கு ஏதாவது செய்ய நினைத்தேன். மூட்டை சுமக்கையில் அவர் தலையில் போடும் சாக்கு மூலையில் கிடந்தது. வெளியே மழை. அவர் பாய்க்குப் பக்கத்திலேயே வைத்து விளக்குமாற்றால் அடித்தேன். பச்சைத் தூள் பறந்தது. "என் ராஜாத்தி" என்றார், இருமிக்கொண்டே. தினமும் அடித்தேன். நான்காம் நாள் அவரால் எழ முடியவில்லை. வேலை போயிற்று.

பிறகு புல் வெட்டப் போனார். கூலி குறைவு. இருமல் மெல்ல நின்றது.

நான் பெரியவளான பின் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் ஒருவர் சொன்னார். சிலர் நெஞ்சு அந்தத் தூளை எதிரி என்று ஒருமுறை கண்டுகொண்டால் மறக்காதாம். அடுத்த முறை கொஞ்சம் உள்ளே போனாலும் உடம்பின் படை மொத்தமும் எழுந்து சண்டைக்குப் போகும். அந்தச் சண்டையில் வீங்குவது நுரையீரல்தான். பழகப் பழகச் சரியாகாது. பழகப் பழகத்தான் மோசம்.

வேலை போன அன்று அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு நெத்திலியைச் சொல்லி அழுதேன். அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நாளைக்கு வேறு வேலை கிடைத்தால் வேண்டுமே என்று, சாக்கை எடுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தேன்.